திருப்பி வாங்கிய நிச்சயதார்த்தக் கேக்

செவ்வாய்க்கிழமை காலை ஷி தியென்-லூ முன்னோர் பீடத்தின் முன்னால் நின்று, சிவப்பு நாடாவைக் கத்தரித்துக் கேக் பெட்டியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய கடைசி மகள் யூ-ஜென்னுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தந்த கேக் பெட்டிகளைப் பெண் வீட்டார் உறவுக்கும் ஊருக்கும் கொடுத்து முடிக்கும்வரை ஒன்றையும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பெண்ணின் அதிர்ஷ்டம் சிந்திவிடும். மணப்பெண்ணோ அதில் ஒரு துணுக்குகூட வாயில் போடக் கூடாது. தைவானின் லூகாங் ஊரில் நாலு பேர் மதிக்கிற வீடுகளில் இதையெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முந்தின நாள் இருட்டுவதற்குள் எல்லாப் பெட்டிகளையும் கொடுத்து முடித்து, மிஞ்சிய ஒன்றைத்தான் அவர் முன்னோருக்குப் படைக்க எடுத்திருந்தார்.

மூடியில் பொன் எழுத்தில் ‘முழுச் சைவம்’ என்று அச்சிட்டிருந்தது. மேல் அடுக்கில் பச்சைப்பயறு பூரணம் வைத்த பெரிய வட்டக் கேக். கீழ் அடுக்கில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரி, பஞ்சு போன்ற கேக் துண்டுகள். கீழ்த்தட்டைத் தூக்கியபோது அதன் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டார். மாவு, சர்க்கரை, சோயாப்பால், தாவர எண்ணெய் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘பால்மமாக்கி: கிளிசரின் கொழுப்பு அமில எஸ்டர்’ என்று அது முடிந்தது.

பேக்கரிக்காரர்கள் கேக் ஜெல் என்று சொல்லும் பசை அது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துப் பிடித்துக் கேக்கைப் பஞ்சாக எழுப்பும். கொழுப்பிலிருந்து எடுப்பது. அந்தக் கொழுப்பு பாமாயிலாக இருக்கலாம், மாட்டினுடையதாக இருக்கலாம், பன்றியினுடையதாகவும் இருக்கலாம். சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த விவரம் ஊரில் வேறு யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, தியென்-லூவுக்கு நன்றாகத் தெரியும். இதே பசைக்காக அவர் ஒரு மனிதரை மண்டியிட வைத்திருக்கிறார்.

அது சில வருஷங்களுக்கு முந்தின விவகாரம். ஊதுவத்திக் கடை வைத்திருக்கும் ஹ்ஸூ வான்-ஃபா, நோன்பு மடத்துக்குப் பௌர்ணமிப் படையலாகக் க்ரீம் பன் கொண்டுவந்தார். மடத்து நிர்வாகத்தில் மூத்தவர் தியென்-லூ. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன் உறையைப் படித்தார். படித்துவிட்டு, இந்தப் பசை எந்தக் கொழுப்பிலிருந்து வந்தது என்று எல்லார் எதிரிலும் கேட்டார். வான்-ஃபாவுக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு விதி உண்டாயிற்று. பிறப்பு தெரியாத கொழுப்பை மடத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தவர் ஓர் ஊதுவத்தி எரிந்து முடியும்வரை கருணைத் தெய்வம் குவான்யின் முன்னால் மண்டியிட வேண்டும். விதியை முன்மொழிந்தவர் தியென்-லூ. அதன்படி மண்டியிட்டவர் வான்-ஃபா. அதற்கப்புறம் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை.

நேற்று காலை மடத்துக்கு முதல் பெட்டியைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தவரும் தியென்-லூதான். மடத்திலேயே குடியிருக்கும் சுன் அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய தாய் அவரை வயிற்றில் சுமந்தபோதே சைவம். பிறப்பதற்கு முன்னாலிருந்தே மாமிசம் அறியாத உடம்பு என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அந்த அம்மாளிடம், “அத்தை, எங்க வீட்டுப் பண்டம், யோசிக்காம சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

படைக்கவில்லையா, தேநீர் ஆறுகிறதே என்று மனைவி ஆ-மியென் சமையலறையிலிருந்து கேட்டாள். தியென்-லூ பெட்டியை மூடிப் பீடத்தின் அடியில் தள்ளிவிட்டு, டைசுங் நகரத்தில் இருக்கும் பேக்கரிக்குப் போன் செய்தார்.

எடுத்த பெண் நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். “அது அரசாங்கம் அனுமதிச்ச பொருள்தாங்க ஐயா. குழந்தைங்க பால் பவுடர்லகூட சேக்கறாங்க. உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது.”

“உடம்புக்கு என்ன பண்ணும்னு நான் கேக்கலம்மா. அது பன்னியா பாமாயிலான்னு கேக்கறேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “பாமாயிலாத்தான் இருக்கும்னு நினைக்கிறேங்க.”

“நினைக்கறதுக்கு உங்களுக்கு எதுக்கும்மா போன் பண்றேன்? அதை நானே வீட்ல உக்காந்து நினைச்சுக்குவேனே.”

ஜெல் அனுப்பும் கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் சாயங்காலத்துக்குள் கூப்பிடுவதாகச் சொன்னாள். தியென்-லூ போனை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்தார். மறுநாள் சந்திர மாதத்தின் முதல் நாள். நோன்புக்காரர்கள் நல்ல பண்டத்தை அந்த நாளுக்காக எடுத்து வைத்துத் தேநீரோடு பிரிப்பார்கள். அதற்குள் பெட்டிகளைத் திரும்ப எடுத்துவிட்டால், எது நடந்திருந்தாலும் நடக்காததாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

விஷயத்தைக் கேட்ட ஆ-மியென் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். “கொடுத்த கேக்கைத் திருப்பி வாங்கினா ஊர்ல என்ன அர்த்தம்னு தெரியும்ல உங்களுக்கு?”

அவருக்குத் தெரியாதா? சம்பந்தம் முறிந்தால்தான் லூகாங்கில் கேக் திரும்பும். பெண் வீட்டார் தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியாக வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு காரியம் ஷி குடும்பத்தில் நடந்ததில்லை.

“பேக்கரில தயாரிப்புத் தேதி மாறின பெட்டியை அடுக்கிட்டாங்க, புதுசா மாத்திக் குடுப்பாங்கன்னு சொல்லிக்கறேன்.”

“உள்ளதைச் சொல்லிட்டுப் போங்களேன்.”

உள்ளதைச் சொல்வதென்றால் வான்-ஃபாவின் காதுக்குப் போகும். அதைவிட, மாப்பிள்ளையின் தாய் தேர்ந்தெடுத்த பண்டத்தில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம் என்று சம்பந்தி வீட்டையே ஊர் நடுவில் நிறுத்தியதாகும். தியென்-லூ ஸ்கூட்டரை எடுத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் போனார். அரிசி ஆலை நடத்திய காலத்திலிருந்தே அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் வீடு தையற்கடை டெங் அம்மாளுடையது. தேதி மாறிப்போன பெட்டிகள், நல்லதாக மாற்றிக் கொடுப்போம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒப்பித்தார். டெங் அம்மாள் தையல் மெஷினை நிறுத்தினாள். உள்ளே போய், நாடா அவிழ்க்காத பெட்டியை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த பிறகு அவர் கையை விடவில்லை.

“மனசை விட்டுடாதீங்க மாமா. கல்யாணத்துக்கு அப்புறம் நடக்கறதுக்கு இப்பவே நடந்தது நல்லது.”

“ஒண்ணும் நடக்கலம்மா. தேதிதான் மாறிப்போச்சு.”

“ஆமா ஆமா,” என்றாள் அவள். “தேதிதான்.”

நாலைந்து வீடு தள்ளிப் போவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே பெட்டியோடு வாசலில் நின்றார்கள். ஒருவர் எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார். ஒரு பெண்மணி தன் தங்கை மகனைப் பற்றிச் சொன்னாள். நல்ல உத்தியோகம், சைவமில்லை, ஆனால் மாறிவிடுவான் என்றாள். கிழங்கு உருண்டை விற்பவர், மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்டார்கள் என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். எல்லாரிடமும் தேதி, தேதி என்று சொல்லிச் சொல்லித் தியென்-லூவின் தொண்டை வறண்டது. சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன சொல்லை ஊர் நம்பாமல் போனது இதுதான் முதல் தடவை. அது பொய்யாக இருந்ததும் அவரைச் சுட்டது.

கோயில் தெரு முனையில் போன் அடித்தது. பேக்கரி என்று நினைத்து எடுத்தார். வேலை பார்க்கும் ஊரிலிருந்து மகள்.

“அப்பா, என் கல்யாணம் நின்னுபோச்சாமே. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார். மகளிடம் பொய் வரவில்லை. சீட்டு, பசை, விதி எல்லாவற்றையும் சொன்னார்.

“அது தப்பான பொருள் இல்லப்பா. நாங்க தினம் வாங்கற ரொட்டிலகூட இருக்கும்.”

“நீ வாங்கறதை நான் சுன் அத்தைக்கு ஊட்டல.”

யூ-ஜென் அந்தப் பேச்சை விட்டாள். பிறகு, காவ்ஷியுங்கில் மாப்பிள்ளை போ-ஹானின் தாய் செய்தி கேட்டதிலிருந்து அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னாள். சைவ வீட்டுப் பெண்ணை எடுக்கிறோம் என்று ஒரு மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கித் தேடிய கேக்காம் அது. தன்மேல் என்ன குறை கண்டு திருப்புகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்கிறாளாம். தானும் போ-ஹானும் உடனே கிளம்பி வருவதாகச் சொல்லி, “அதுக்குள்ள இன்னொரு வீட்டுக்கும் போகாதீங்கப்பா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்” என்று முடித்தாள்.

இன்னொரு வீடு இருந்தது. அதற்குத்தான் அவர் காலையிலேயே போயிருக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் முதலில் போய், மடத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

மடத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது பேக்கரியிலிருந்து கூப்பிட்டார்கள். இந்தத் தடவை பேசியவர் மேலாளர். ஜெல் இரண்டு கம்பெனிகளிடம் வாங்குகிறார்களாம். ஒருவருடையது பாமாயில், அதற்குச் சான்றிதழ் உண்டு. அவர்களிடம் சரக்குத் தீரும்போது வாங்கும் இன்னொருவருடையது தாவரமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம், அந்தந்த நேரத்தில் எது மலிவோ அது. இந்தக் கேக் போட்ட வாரத்தில் இரண்டும் கலந்து ஓடியது. எந்தப் பெட்டியில் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ‘முழுச் சைவம்’ என்று அச்சடித்த பெட்டி, முதல் கம்பெனியிடம் மட்டும் வாங்கிய காலத்துப் பழைய பெட்டி, அதற்காக மன்னிக்க வேண்டும். “ஆனா உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லைங்க ஐயா, அதுக்கு நான் பொறுப்பு” என்றார்.

தியென்-லூ போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நின்றார். காலையிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஓரிடத்தில் வந்து நின்றது. பாமாயில் என்று சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி அது உண்மையாகவும் இருக்கும். யாரும் மறுத்துச் சொல்ல முடியாது, பேக்கரிக்காரனாலேயே முடியாது. ஷி வீட்டுப் பெயர் நிற்கும், சம்பந்தியின் கண்ணீர் நிற்கும், கிழவியின் எண்பத்தெட்டு வருஷமும் அப்படியே இருக்கும். ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்கு யார் ஜாமீன்? அவர்தான். நேற்று ‘யோசிக்காம சாப்பிடுங்க’ என்று சொன்னாரே, அதற்கும் அவரேதான் ஜாமீன்.

உள்ளே சுன் அத்தை மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பூசைக்காக ஊதுவத்திக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார் வான்-ஃபா. இரண்டு மூன்று பெண்கள் காளான் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தியென்-லூவைக் கண்டதும் கத்திகள் நின்றன.

“பொண்ணு ரொம்ப அழறாளா தியென்-லூ?” என்றார் சுன் அத்தை. “வான்-ஃபா சொன்னான். மத்தியானத்துலேருந்து அவளுக்காகத்தான் ஜபம் பண்ணிட்டிருக்கேன்.”

“கல்யாணம் நிக்கல அத்தை.” அவர் செருப்பைக் கழற்றினார். “நான் கொண்டாந்து குடுத்த கேக்ல ஜெல் இருக்கு. அது எந்தக் கொழுப்புன்னு செஞ்சவனுக்கே தெரியல. பாமாயிலாவும் இருக்கலாம், பன்னியாவும் இருக்கலாம். இப்பதான் கேட்டேன். கேக்காம கொண்டாந்தது என் தப்பு. மாப்பிள்ளை வீட்டு மேல ஒரு குத்தமும் இல்ல.”

காளான் நறுக்கிய பெண்களில் ஒருத்தி புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். வான்-ஃபா ஊதுவத்திக் கட்டைக் கீழே வைக்கவுமில்லை, அவரைப் பார்க்கவுமில்லை.

“எது, அந்தப் பஞ்சு மாதிரி இருந்ததா?” என்றார் சுன் அத்தை.

“ஆமா அத்தை.”

“அதை நேத்தே சாப்ட்டுட்டேனே.”

கிழவி மாலையை மடியில் வைத்தார். தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. முகம் சுருங்கிக் கறுத்தது. தியென்-லூ அந்தக் கை தம் கன்னத்தில் விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் சற்று ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

“எங்கம்மா பட்ட பாடு,” என்றார் அவர். பிறகு குரல் தாழ்ந்தது. “நல்லா மெத்துன்னு இருந்துச்சு. சைவப் பண்டம் இவ்வளவு மெத்துன்னு இருக்காதேன்னு எனக்கே தோணுச்சு. தோணியும் இன்னொரு வாய் வச்சேன்.”

கிழவி தியென்-லூவை நிமிர்ந்து பார்த்தார்.

“மொத வாய் உன்னோடது. ரெண்டாவது என்னோடது. வான்-ஃபா, ரெண்டு திண்டு எடுத்துப் போடு.”

வேண்டாம் என்று பெண்கள் ஓடி வந்தார்கள். உங்கள் முழங்கால் தாங்காது, உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தியென்-லூ குனிந்து, ஆம், குனிந்துதான், உங்கள் பங்கையும் நானே சேர்த்து மண்டியிடுகிறேன் என்று கெஞ்சினார். கிழவி அவர் கையைத் தட்டிவிட்டார். “என் வாயை உன் கணக்குல எழுதாத.”

வான்-ஃபா ஒரு வத்தியை முன்னமே எடுத்து வைத்திருந்தார். சுண்டுவிரல் கனம், முழங்கை நீளம், அவர் கடையிலேயே மெதுவாக எரியும் சரக்கு. எத்தனை நாளாக இதற்காகக் காத்திருந்தாரோ. “முட்டி தாங்குமா அண்ணே?” என்று கேட்டபோது அவர் உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டிருந்தது.

“நீ தாங்கினியே. நானும் தாங்கிக்கறேன்.”

தியென்-லூ திண்டில் முழங்காலை ஊன்றினார். பக்கத்தில், இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, சுன் அத்தை மெல்ல மெல்ல இறங்கினார். முழங்கால் மூட்டு சொடுக்கும் சத்தம் கேட்டது. வான்-ஃபாவின் உதடு இறங்கியது. கையிலிருந்த பெரிய வத்தியைக் கட்டுக்குள் செருகிவிட்டு, இருப்பதிலேயே மெல்லியதாக, குட்டையாக ஒன்றைத் தேடி எடுத்துக் கொளுத்தினார்.

“இது உங்களுக்காக இல்லண்ணே,” என்றார்.

“தெரியும்.”

புகை நேராக எழுந்து வளைந்தது. தியென்-லூவின் முதுகு மண்டியிட்ட நிலையிலும் நிமிர்ந்தே இருந்தது. உள்ளேதான் எதுவும் நிற்கவில்லை. பாமாயிலாக இருந்திருக்கும் என்று ஒரு மனம் சொல்லும். இருந்திருக்காது என்று இன்னொன்று உடனே எழும். பக்கத்தில் கிழவி மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சு இனி எந்தப் பக்கமும் தீராத ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு போகப்போகிறது. அதை அங்கே வைத்தது ஷி குடும்பத்தின் கை. வத்தி எரிந்து முடிந்தாலும் அது முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் எழுந்து கிழவியையும் எழுப்பி உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தபோது யூ-ஜென்னும் போ-ஹானும் வாசலில் நின்றிருந்தார்கள். போ-ஹான் பலமாகக் குனிந்து வணங்கி, தன் தாய் அந்தப் பசையே போடாத வேறு கேக் சொல்லிவிட்டதாகவும், கொஞ்சம் கெட்டியாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னதாகவும் சொன்னான். தியென்-லூ அவன் தோளைத் தொட்டார். கேக் வரட்டும், அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்றார். எந்தெந்த வாசலில் பொய் சொன்னாரோ அந்த வாசல்களிலெல்லாம் இரண்டு பேரையும் கூட நிறுத்தி வைத்து உள்ளதைச் சொல்ல வேண்டும். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி நடந்தே போனார்கள்.

டெங் அம்மாள் கதவைத் திறந்தாள். தியென்-லூ பசையிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, கண் முழுக்கப் போ-ஹானின் மேலேயே இருந்தது. தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளவெடுத்தாள், துணிக்கு எடுப்பதுபோல.

“இவ்வளவு சீக்கிரம் வேற மாப்பிள்ளை பாத்துட்டீங்களா மாமா? பழையவனைவிட நல்லாவே இருக்காரு.”

“இவர்தாம்மா பழையவர்.”

“சரிங்க மாமா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

யூ-ஜென் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். தியென்-லூ சிரிக்கவில்லை. அங்கேயே நின்று, முதலிலிருந்து, இன்னும் நிதானமாக, இன்னொரு முறை சொல்லத் தொடங்கினார்.